குழந்தையின் குடலும் ஒவ்வாத உணவும்

தமிழர் எந்த ஊரில் குடியேறினாலும் கைவிடாத வழக்கங்களுள் ஒன்று, குழந்தைக்கு முதற்சோறு ஊட்டுவது. பழநிக்கோ குருவாயூருக்கோ போய்வர இயலாத குடும்பத்தார் தில்லியில் மலை மந்திருக்கும், மும்பையில் மாதுங்காக் கோயில்களுக்கும் குழந்தையைத் தூக்கிச் சென்று, நெய்யிட்டுப் பிசைந்த சோற்றில் ஒரு பருக்கையை நாவில் வைத்து மகிழ்கின்றனர். நோயுற்றுத் தேறியவர்க்கும் நாம் முதலில் கொடுப்பது கஞ்சியே. எதுவும் ஏற்காத வயிறும் கஞ்சியை ஏற்கும் என்பது நம் உறுதியான நம்பிக்கை. அந்தக் கஞ்சியே ஒரு குழந்தைக்கு ஒவ்வாமற் போகக்கூடும் என்று எவரேனும் சொன்னால் நாம் எளிதில் ஏற்பதில்லை.

நானும் ஏற்கவில்லை. 2013ஆம் ஆண்டில், என் மகளுக்கு ஆறு மாதம் நிறைந்ததும் மலை மந்திரில் சோறூட்டினோம். அன்று ஒன்றும் நேரவில்லை. அடுத்த நாட்களில் வீட்டில் புழுங்கலரிசிக் கஞ்சியை ஒரு கரண்டி, இரண்டு கரண்டி எனக் கூட்டிவந்தோம். ஐந்தாம் நாள், கால் கிண்ணம் கஞ்சியைக் குடித்துவிட்டு நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, இரண்டு மணி நேரம் சென்றபின் வாந்தியெடுக்கத் தொடங்கினாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து முறைக்கு மேல் எடுத்தாள். பிறகு முகம் வெளுத்து, கைகால் துவண்டு, பெயர் சொல்லி அழைத்தும் கண் திறவாமல் மடியில் கிடந்தாள். மருத்துவமனையில் கிருமித் தொற்று என்றார்கள். நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினார்கள், மாலைக்குள் தேறிவிட்டாள். ஒரு வாரம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தோம். பின்னர், இளைத்த உடம்புக்குக் கஞ்சியே ஏற்றது என்று கருதி, மீண்டும் கஞ்சி கொடுத்தோம். மீண்டும் அதே கதி.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் தாயார் இதை 'மாந்தம்' என்றார். குழந்தைகளுக்கு நேரும் செரியாமையையும் அதனால் வரும் துன்பங்களையும் நம் சித்த மருத்துவம் அப்பெயரால் வழங்கும். பாலால் வருவதைப் பால்மாந்தம் என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. ஆனால் அச்சொல்லை இந்தியில் மருத்துவரிடம் எவ்வாறு எடுத்துரைப்பது? மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அன்று நேரான சொல் கிடைக்கவில்லை. நல்வினைப்பயனாக, என் தாயார் வேறொரு காரியமும் செய்து வைத்திருந்தார். சமையலறைச் சுவரில் தொங்கிய மாத நாட்காட்டியில், பால் கணக்கு எழுதும் கட்டங்களிலேயே, 'கஞ்சி 9 மணி, வாந்தி 11 மணி' என்று இரு நாளும் பென்சிலால் குறித்திருந்தார். மூன்றாம் முறையும் அவ்வாறே நேர்ந்தபோது, அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனோம். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒவ்வொரு முறையும் உணவுக்கும் வாந்திக்கும் இடையே இதே கால அளவுதானா?"

அக்கேள்வி மருத்துவ உலகில் தோன்றி உருப்பெறுவதற்குப் பல தலைமுறைகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பொருள் ஒருவருக்கு உணவாகவும் மற்றொருவருக்குத் தீங்காகவும் இருப்பதைப் பண்டை மக்கள் யாவரும் அறிந்திருந்தனர். கிரேக்க மருத்துவ நூல்களில் பாலாடைக்கட்டி சிலர்க்கு ஒவ்வாதென்னும் குறிப்பு உண்டு. ஆயினும், அது ஏன் நிகழ்கிறதென்பதற்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை விளக்கம் இல்லை. பிரான்சு நாட்டு அறிஞர்களான சார்லஸ் ரிஷேவும் பால் போர்ட்டியேவும் 1901இல் மொனாக்கோ மன்னரின் கப்பலில் கடல்வாழ் உயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். கரை திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்திப் பார்த்தனர். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவையே மறுமுறை பெற்றதும் அரைமணி நேரத்திற்குள் மாண்டது. பழக்கத்தால் உடல் வலுப்பெறும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதற்கு நேர்மாறான விளைவு கிட்டியது. 1902இல் இதனை வெளியிட்ட ரிஷேவுக்கு 1913இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதே காலத்தில் வியன்னா நகரில் குழந்தை மருத்துவராயிருந்த கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்பவர் மற்றொன்றைக் கவனித்தார். தொண்டையடைப்பான் நோய்க்காகக் குதிரைச் சீரம் செலுத்தப்பட்ட குழந்தைகளுள் சிலருக்கு, எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. ஊசி போட்ட அன்று ஒன்றும் இல்லை. நோய் வந்த அன்று ஊசி இல்லை. இரண்டையும் இணைத்தது இடையே கழிந்த நாட்களின் எண்ணிக்கையே. பிர்க்கே, தம் தோழர் பேலா ஷிக்குடன் சேர்ந்து அந்நாட்களை எண்ணி 1905இல் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு, உடலின் மாறிய எதிர்ச்செயலைக் குறிக்க 'அலர்ஜி' என்னும் சொல்லைக் கிரேக்க வேர்களிலிருந்து படைத்தார். 'வேறு' என்றும் 'செயல்' என்றும் பொருள்படும் இரு சொற்களின் கூட்டு அது. நாம் அதனை 'ஒவ்வாமை' என்று வழங்குகிறோம். சொல்லைப் படைத்தவர் விரைவாக வரும் விளைவையும் தாமதித்து வரும் விளைவையும் அச்சொல்லுக்குள்ளேயே அடக்கினார் என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். ஏனெனில், பின்வந்தோர் இதன் ஒரு பாதியை நெடுநாள் மறந்திருந்தனர்.

மறந்ததற்குக் காரணம் அறியாமையன்று, வெற்றியே. 1912இல் நியூயார்க்கு மருத்துவர் ஆஸ்கர் ஷ்லாஸ், முட்டை ஒவ்வாத ஒரு சிறுவனின் தோலைக் கீறி முட்டைப் பொருளைத் தடவி, தடிப்பு எழுவதைக் காட்டினார். 1921இல் ஜெர்மானியரான பிராவுஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாத தம் தோழர் கூஸ்ட்னரின் குருதிநீரைத் தம் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார், தோல் தடித்தது. ஒவ்வாமையை உண்டாக்கும் ஏதோவொன்று குருதியில் உலவுகிறது என்பது உறுதியாயிற்று. அது இன்னதென்பதை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியரும், சுவீடனில் ஜோஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளே அது. இவ்வகை ஒவ்வாமையில் சில நிமிடங்களிலேயே உதடு வீங்கும், உடலெங்கும் தடிப்பு எழும், மூச்சுத் திணறும். தாயும் அறிவாள், மருத்துவரும் அறிவார், தோற் சோதனையும் குருதிச் சோதனையும் சான்று கூறும். இவ்வளவு தெளிவான அளவுகோல் கையிற் கிடைத்தபின், அவ்வளவுகோலுக்குள் அடங்காத நோய்கள் ஒவ்வாமையே அல்ல என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியது. குடலில் மட்டும் நிகழ்ந்து, மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ தாமதித்து வெளிப்படும் துன்பம் இதனால் நிழலில் நின்றது.

அந்நிழலில் விளக்கேற்றியவர்களுள் முதன்மையானவர் ஒரு டச்சு மருத்துவர். அதற்கு முன்னுரையாக ஒரு செய்தி. 1887இல் லண்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்பார் ஆற்றிய சொற்பொழிவொன்றில், வயிறு பருத்து, கைகால் மெலிந்து, வெளிறிய மலம் மிகுதியாகக் கழியும் குழந்தைகளின் நோயைத் துல்லியமாக விவரித்தார். இந்நோய் தீருமாயின் உணவாலேயே தீரும் என்பது அவர் துணிபு. நாள்தோறும் ஒரு பெரும் அளவு கடற்சிப்பி இறைச்சி உண்ட ஒரு குழந்தை அவ்வுணவு கிடைக்கும் பருவம் முழுதும் தேறியிருந்ததையும், பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததையும் அவர் கண்டிருந்தார். ஆனால் தீங்கு செய்யும் பொருள் எதுவென்பதை அவர் அறியவில்லை. 1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவால் பல குழந்தைகளைத் தேற்றினார். தேற்றியது வாழைப்பழம் என்றே உலகம் நம்பியது. பழம் உண்ட குழந்தைகள் ரொட்டி உண்ணவில்லை என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

வில்லம் கரேல் டிக்கே, ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1930களிலேயே கோதுமையின்மீது அவருக்கு ஐயம் இருந்தது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியைப் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. ஜெர்மானியப் படை உணவு வழிகளை அடைத்தது. மக்கள் துலிப் மலர்ச்செடியின் கிழங்கை அவித்துத் தின்றனர். 20,000 பேர் அளவில் மாண்டனர். நாடே மெலிந்த அந்நாளில், இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறிவந்தனர். போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் அவர்கள் மீண்டும் நோயுற்றனர். பசியில் வாடிய நாட்டில் இத்தகைய செய்தியை ஒரு மருத்துவர் கவனித்ததே வியப்பு. டிக்கே அதனை எடை, உயரம், மலத்தின் கொழுப்பளவு ஆகியவற்றைக் கொண்டு பல்லாண்டு அளந்து, 1950இல் தம் ஆய்வேடாக வெளியிட்டார். கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் மாறி மாறிப் பார்த்தபோது, நோய் உடனே தோன்றவில்லை. நாட்களும் வாரங்களும் சென்றே தோன்றியது. 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழுவினர் இதனை உறுதி செய்து, தீங்கு கோதுமையின் குளூட்டன் என்னும் புரதத்தில் இருப்பதைக் காட்டினர். சீலியாக் எனப்படும் இந்நோயை இன்று ஒவ்வாமை என்று கூறுவதில்லை. உடல் தன்னையே தாக்கும் நோய்வகையில் சேர்க்கின்றனர். எனினும், குடல் தன் மறுப்பைத் தாமதித்துத் தெரிவிக்கக்கூடும் என்னும் பாடத்தை மருத்துவ உலகுக்குக் கற்பித்தது இதுவே.

பாலைப் பொறுத்தவரையும் இத்தகைய செய்திகள் சிறிது சிறிதாகச் சேர்ந்துவந்தன. 1940இல் அமெரிக்க மருத்துவர் மிட்செல் ரூபின், பசும்பால் உண்ட பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் குருதி கண்டதையும், பாலை நிறுத்தியதும் அது நின்றதையும் எழுதினார். 1960களில் பின்லாந்து நாட்டு மருத்துவர்கள், பசும்பாலால் குடற்சுவர் தேய்ந்து சத்தை ஈர்க்க மாட்டாமற் போன குழந்தைகளை விவரித்தனர். 1967இல் ஜாய்ஸ் கிரிபோஸ்கி என்னும் அம்மையார் குழந்தைகளின் பால் ஒவ்வாமை குடலில் தோன்றும் பாங்கைத் தொகுத்தெழுதினார். இவர்களுள் பலர்க்குத் தோற் சோதனை துணைசெய்யவில்லை.

ஐயத்தை அளவாக மாற்றியவர் ஜெரால்டின் பவல் அம்மையார். 1978இல் அவர் ஒன்பது குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளமாயிற்று. பாலோ சோயாவோ ஒவ்வாதென ஐயுற்ற குழந்தைகளுக்கு, மருத்துவமனையிலேயே அளவறிந்து அவ்வுணவைக் கொடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். வாந்தி ஒன்று முதல் இரண்டரை மணி நேரத்திற்குள் தொடங்கியது. வயிற்றுப்போக்கு இரண்டு முதல் பத்து மணி நேரத்திற்குள் வந்தது. குருதியின் வெள்ளணுக்கள் ஏறி, ஆறாம் மணியளவில் உச்சத்தை எட்டின. கிருமித் தொற்றிலும் வெள்ளணுக்கள் ஏறும். ஆகையால் மருத்துவர் இந்நோயைத் தொற்றென்று எண்ணியதில் வியப்பில்லை. உணவுப் புரதத்தால் தூண்டப்படும் குடலழற்சி என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இன்று இதனை எஃப்.பி.ஐ.ஈ.எஸ். என்கின்றனர்.

நெடுங்காலம் இது பாலும் சோயாவும் பற்றிய நோய் என்றே கருதப்பட்டது. அரிசி மெல்லியது, எவர்க்கும் ஏற்றது என்னும் நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டு மருத்துவரும் குழந்தைக்கு முதல் திட உணவாக அரிசிமாவையே பரிந்துரைத்து வந்தனர். 2009இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றிலிருந்து வெளிவந்த அறிக்கை அந்நம்பிக்கையை அசைத்தது. பதினாறு ஆண்டுகளில் அங்கு இந்நோய் கண்ட 35 குழந்தைகளுள் 14 பேருக்குக் காரணம் அரிசி. சோயா 12 பேருக்கும், பசும்பால் 7 பேருக்கும் காரணமாயிருந்தன. முதன்முறை நோயுற்று அவசரப் பிரிவுக்கு வந்த 19 குழந்தைகளுள் இருவர்க்கு மட்டுமே நோய் சரியாக அறியப்பட்டது. மற்றவர்க்குக் குருதித் தொற்று, குடலடைப்பு எனப் பல ஐயங்களும் பல சோதனைகளும் நேர்ந்தன. இவ்வறிக்கையைப் பின்னாளில் படித்தபோது, என் மகளின் கதையை வேறொருவர் எழுதியதுபோல் இருந்தது.

இது மிக அரிய நோயென்ற எண்ணமும் மாறிவந்தது. இஸ்ரேல் நாட்டில் 13,019 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பசும்பாலால் வரும் இவ்வகை ஒவ்வாமை ஆயிரத்திற்கு மூன்று குழந்தைகளுக்கும் சற்று மிகுதியாகக் காணப்பட்டது. 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு முதன்முறையாக ஒருமித்த வழிகாட்டுதலை வெளியிட்டது. உண்ட ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் வாந்தி. தோல் தடிப்போ மூச்சுத் திணறலோ இன்மை. வெளிறல், துவளல், பின்னர் வயிற்றுப்போக்கு. அதே உணவால் மீண்டும் அதே துன்பம் என்பன அதன் முக்கிய அடையாளங்கள். இன்றளவும் இதனை உறுதிசெய்யத் தனியொரு குருதிச் சோதனை இல்லை. எனவே, வீட்டார் கூறும் செய்தியே மருத்துவருக்குத் தலையாய சான்று.

நம் நாட்டு நிலையையும் சிறிது காண்போம். வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் நோய் உள்ளதென 1966இல் இந்திய மருத்துவர்கள் எழுதினர். 2010இல் லக்னோ மருத்துவர்கள், பசும்பால் ஒவ்வாமை வளரும் நாடுகளிலும் உணரப்பட வேண்டியதொரு நோய் என வலியுறுத்தினர். வேறு மாநிலங்களில் வாழும் நமக்குத் தனியாக எண்ணத்தக்கது 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 23,331 பெரியவர்களைச் சோதித்ததில், சீலியாக் நோய் வடக்கில் நூற்றுக்கு 1.23 என்றும், தெற்கில் நூற்றுக்கு 0.10 என்றும் கண்டனர். இந்நோய்க்கு இடந்தரும் மரபணு இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வேறுபட்டது கோதுமையின் அளவு: நாளொன்றுக்கு வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். நாம் வடக்கே வந்து சப்பாத்திக்குப் பழகுகிறோம். நம் குழந்தைகள் அதிலேயே வளர்கின்றனர். இதனால் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயின், வளர்ச்சி குன்றி வயிறு கெட்ட குழந்தையைக் கண்டால் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துவது தகாது.

வரலாறு கற்பிக்கும் பாடங்கள் சில. குழந்தை புதிய உணவு உண்ணும்போது உணவின் பெயரையும் அளவையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். துன்பம் வந்தால் அது தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள். விடாத வாந்தியுடன் குழந்தை வெளிறித் துவண்டால் காரணத்தை ஆராய்ந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இழந்த நீரை ஈடுசெய்வதே முதற் சிகிச்சை. பச்சை நிற வாந்தி, மலத்தில் குருதி, காய்ச்சல் ஆகியவை வேறு கடுமையான நோய்களையும் காட்டக்கூடும். தோற் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதனால் மட்டும் உணவு குற்றமற்றதாகிவிடாது. ஐயத்தைத் தீர்க்க வீட்டிலேயே மீண்டும் கொடுத்துப் பார்ப்பது ஆகாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒவ்வாமை என்னும் சொல் பரவியதும், குழந்தை அழுதாலும் கக்கினாலும் பாலை நிறுத்து, பருப்பை நிறுத்து என்று தாமே முடிவுசெய்வோரும் பெருகிவிட்டனர். பெரும்பாலான குழந்தைகள் கக்குவது இயல்பானது. பெரும்பாலான வயிற்றுப்போக்கு தொற்றினாலேயே வருகிறது. காரணமின்றி உணவைக் குறைப்பது வளரும் உடலுக்குச் செய்யும் தீங்கு. தாய்ப்பாலை நிறுத்துவது அதனினும் பெரிய தீங்கு. டிக்கேயும் பவலும் ஐயப்பட்டதோடு நின்றுவிடவில்லை. நிறுத்திப் பார்த்தனர், மருத்துவ மேற்பார்வையில் மீண்டும் கொடுத்துப் பார்த்தனர், அளந்தனர். அதற்குப் பின்னரே உரைத்தனர்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இவ்வகை ஒவ்வாமை பள்ளி செல்லும் வயதுக்குள் தானே நீங்கிவிடுகிறது. என் மகள் மூன்று ஆண்டுகள் கேழ்வரகிலும் உருளைக்கிழங்கிலும் வளர்ந்தாள். பொங்கலன்று அவளுக்கு மட்டும் தனிப் பாத்திரம் ஏறியது. நான்காம் வயதில், மருத்துவமனைப் படுக்கையில் அமர்த்தி, மருத்துவர் அருகிலிருக்க, அளந்து அளந்து சோறு கொடுத்தோம். ஒரு மணி ஆயிற்று; இரண்டு மணி ஆயிற்று; நான்கு மணியும் ஆயிற்று. குழந்தை தூங்கி எழுந்து, பசிக்கிறது என்றாள். அன்று கும்பகோணத்திற்குத் தொலைபேசியில் செய்தி சொன்னபோது என் தாயார் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?" என்பதே.